பரம்பரைத் துப்பாக்கி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டில் பழைய துப்பாக்கி வைத்திருப்பவர்களோடு பல வருடங்களாகப் பேசிக்கொண்டிருக்கிறேன். ஆட்கள் மாறுகிறார்கள், கேள்விகள் மாறுவதில்லை. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதி அலுத்துப்போய் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் போட்டுவிட்டேன். கேள்விகளை அவர்கள் கேட்ட வாக்கிலேயே விட்டிருக்கிறேன்.

பரணைச் சுத்தம் செய்தபோது தாத்தாவின் துப்பாக்கி கிடைத்தது. முதலில் என்ன செய்ய வேண்டும்?

உள்ளே மருந்து கெட்டித்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். "இது சும்மா கிடந்த துப்பாக்கி" என்று யார் சொன்னாலும் நம்ப வேண்டாம். குழல் வாய் ஆள் இல்லாத பக்கம் பார்க்கும்படி வையுங்கள். பிள்ளைகளை வெளியே அனுப்புங்கள். விசையில் விரல் வைக்காதீர்கள். படம் எடுக்கும்போது தோளில் வைத்து, எதிரில் நிற்பவரைக் குறி பார்த்துச் சிரிப்பது வேண்டவே வேண்டாம். எனக்கு வரும் படங்களில் பாதி அப்படித்தான் இருக்கிறது.

வாய் வழியாக மருந்து போட்டுக் கெட்டிக்கும் துப்பாக்கியில் இந்த ஆபத்து அதிகம். உள்ளே இருப்பது வெளியே தெரியாது. 1863-இல் அமெரிக்க உள்நாட்டுப் போரின் கெட்டிஸ்பர்க் சண்டை முடிந்த பிறகு களத்தில் பொறுக்கிய துப்பாக்கிகள் 27,000-க்கும் மேல். அவற்றில் சுமார் 24,000 மருந்தோடு இருந்தன. பலவற்றில் ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு, மூன்று முறை கெட்டித்திருந்தார்கள். ஒன்றில் 23 முறை! வைத்திருந்த சிப்பாய்க்கே தெரியவில்லை. பரணில் கண்டெடுத்த நமக்கு எப்படித் தெரியும்?

நூறு வருஷத்துக்கு முந்தைய மருந்து இன்னுமா வெடிக்கும்?

வெடிக்கும். கருமருந்து என்பது சுமார் 75 பங்கு வெடியுப்பு, 15 பங்கு கரி, 10 பங்கு கந்தகம். மூன்றும் சேர்ந்த கலவை தானாகக் கெட்டுப்போகும் சாமான் இல்லை. ஈரம் பட்டால் வீரியம் குறையும், காய்ந்தால் திரும்பவும் பற்றும். குழலுக்குள் துணியோ சணலோ வைத்து இறுக்கி அடைத்திருந்தால் ஈரமும் அவ்வளவாகப் போயிருக்காது.

துப்பாக்கியோடு பழைய தோட்டாக்களோ, கேப்புகள் (சுத்தி அடித்ததும் மருந்தைப் பற்றவைக்கும் சின்ன உலோகத் தொப்பிகள்) போட்ட சின்னத் தகர டப்பாவோ கிடைத்தால் அதையும் துடைக்க வேண்டாம், குலுக்க வேண்டாம். பழைய கேப்புகளில் இருப்பது பாதரசம் கலந்த வெடிப்பொருள். அது தட்டினாலே வெடிக்கும்.

உள்ளே மருந்து இருக்கிறதா என்று நானே பார்க்க முடியுமா?

பார்க்கலாம், எடுக்கக் கூடாது. நீளமான மரக்குச்சி ஒன்றைக் குழல் வாய் வழியாக மெதுவாக விடுங்கள். முகத்தையும் கையையும் குழலுக்கு நேராக வைக்காமல் பக்கவாட்டில் நில்லுங்கள். குச்சி எங்கே நிற்கிறதோ அந்த நிலையில், குழல் வாய் மட்டத்தில் பென்சிலால் ஒரு கோடு. பிறகு குச்சியை வெளியே எடுத்து, அந்தக் கோடு குழல் வாய்க்கு நேராக வரும்படி குழலின் மேல் படுக்கப் போட்டுப் பாருங்கள். குச்சியின் நுனி பற்றுவாய் வரை, அதாவது நெருப்பு உள்ளே போகும் அந்தச் சின்னத் துளை வரை, வந்தால் குழல் காலி. இரண்டு விரற்கடை முன்னாலேயே நின்றுவிட்டால் உள்ளே ஏதோ இருக்கிறது.

ஏதோ என்றால் அது குளவிக்கூடாகவும் இருக்கலாம். ஆனால் அதைக் கண்டுபிடிக்க வேண்டியவர் நீங்கள் இல்லை. சூடு காட்டுவது, அடிமுனைத் திருகைக் கழற்றுவது, குச்சியால் குத்துவது எதுவும் வேண்டாம். துப்பாக்கி வேலை தெரிந்தவரையோ காவல் துறையையோ கூப்பிடுங்கள்.

எந்தக் காலத்துத் துப்பாக்கி என்று பார்த்தவுடன் சொல்ல முடியுமா?

ஐம்பது, அறுபது வருட இடைவெளிக்குள் சொல்லிவிடலாம். மருந்துக்கு நெருப்பு எப்படிப் போகிறது என்று பாருங்கள், காலம் அதில்தான் இருக்கிறது. எரியும் திரியைப் பிடித்துக்கொள்ளும் வளைந்த கை இருந்தால் அது திரித் துப்பாக்கி. 15-ஆம் நூற்றாண்டில் வந்தது, ஆசியாவின் பல பகுதிகளில் 19-ஆம் நூற்றாண்டு வரைக்கும் விடவில்லை. சிக்கிமுக்கிக் கல்லைக் கவ்வும் தாடையும், அது உரசுவதற்கு எதிரே நிமிர்ந்து நிற்கும் இரும்புத் தகடும் இருந்தால் கல் துப்பாக்கி. 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரான்சில் உருவாகி, 1840 வாக்கில் படைகளை விட்டுப் போனது.

தாடைக்குப் பதிலாக வெறும் சுத்தி மட்டும் இருந்து, அது ஒரு சின்ன முலைக்காம்பு போன்ற துண்டின் மேல் விழுந்தால் அது கேப் துப்பாக்கி. அலெக்சாண்டர் ஃபோர்சைத் என்ற ஸ்காட்லாந்து பாதிரியார் 1807-இல் காப்புரிமை பெற்ற யோசனையிலிருந்து வளர்ந்தது. கல்லும் பொறியும் புகையும் கிளம்பிய கணத்திலேயே பறவைகள் பறந்துவிடுகின்றன என்பது அவருடைய வருத்தம். ஒரு வேட்டைக்காரர் எரிச்சலில் உலகப் படைகள் எல்லாம் துப்பாக்கி மாற்ற வேண்டியதாயிற்று. குழலின் அடிப்பக்கம் திறந்து தோட்டா போடுவது என்றால் பெரும்பாலும் 1860-களுக்குப் பிறகு.

ஒரு எச்சரிக்கை. இந்த வருடங்கள் படைகளுக்குப் பொருந்தும். கொல்லர் செய்து கொடுத்த நாட்டுத் துப்பாக்கிக்குப் பொருந்தாது. வாய் வழியாக மருந்து கெட்டிக்கும் கேப் துப்பாக்கியை 20-ஆம் நூற்றாண்டிலும் செய்துகொண்டிருந்தார்கள். பழைய முறை என்பதால் பழைய துப்பாக்கி என்று ஆகிவிடாது.

ஏதேதோ முத்திரை இருக்கிறது, ஒன்றும் புரியவில்லை. என்ன பார்க்க வேண்டும்?

கண்ணுக்கு நேராக வைத்துப் பார்த்தால் புரியாது. அறையை இருட்டாக்கி, கைபேசி விளக்கைப் பூட்டுத் தகட்டுக்கு, அதாவது சுத்தி பொருத்திய பக்கத்து இரும்புத் தகட்டுக்கு, பக்கவாட்டில், ஏறக்குறைய படுத்த நிலையில் பிடியுங்கள். வெறும் கறுப்பாகத் தெரிந்த இடத்தில் ஒரு கிரீடம் எழும்பி வரும், அதன் கீழே இரண்டு எழுத்து, அதற்கும் கீழே பாதி தேய்ந்த எண். அப்படியே படம் எடுங்கள். மெல்லிய தாளை வைத்து மேலே பென்சிலைப் படுக்கப் போட்டுத் தேய்த்தாலும் வரும்.

கிரீடத்தோடு ஜி.ஆர். என்றால் ஜார்ஜ் மன்னர்கள் காலம், வி.ஆர். என்றால் விக்டோரியா, அதாவது 1837 முதல் 1901 வரை. இதய வடிவ முத்திரையும், 1808 முதல் கிரீடம் ஏந்தி நிமிர்ந்து நிற்கும் சிங்கமும் கிழக்கிந்தியக் கம்பெனி. குறுக்காக வைத்த இரண்டு செங்கோல் குழலில் இருந்தால் 1813-இல் தொடங்கிய பர்மிங்காம் சோதனைச் சாலையாக இருக்கலாம். முட்டை வடிவத்துக்குள் இ.எல்.ஜி. என்றால் பெல்ஜியத்தின் லியேஜ் நகரம், அதற்கு மேல் கிரீடமும் இருந்தால் 1893-க்குப் பிந்தையது. செங்கோலும் இ.எல்.ஜி.யும் சோதனை முத்திரைகள். அதிக மருந்து போட்டுச் சுட்டுப் பார்த்துக் குழல் தாங்கியது என்பதற்கு அடையாளம். செய்தவர் பெயர் வேறு இடத்தில் இருக்கும்.

குழலில் 12, 14, 25 என்று தனியாக ஒரு எண் இருந்தால் அது வருடமும் இல்லை, படைப்பிரிவும் இல்லை. ஒரு பவுண்டு ஈயத்தில் அந்தக் குழலுக்குப் பொருந்தும் உருண்டை எத்தனை வார்க்கலாம் என்ற கணக்கு. "12 போர்" என்று சொல்வது இதைத்தான் (இங்கே போர் என்றால் சண்டை இல்லை, குழல் துளையின் அளவு).

பூட்டுத் தகட்டில் 1858 என்று தெளிவாக இருக்கிறது. அப்படியானால் துப்பாக்கி 1858-தானே?

தகடு 1858. துப்பாக்கி வேறு கதையாக இருக்கலாம். ஆங்கிலேயப் படையின் 1853 மாதிரி என்ஃபீல்டு துப்பாக்கிகளில் ஏராளமானவற்றை 1866 முதல் அடிப்பக்கம் வெட்டி, வலது பக்கம் திறக்கும் மூடி வைத்து, ஸ்னைடர் என்ற தோட்டாத் துப்பாக்கியாக மாற்றினார்கள். பழைய தகடு அப்படியே இருந்தது. கல் துப்பாக்கிகளைக் கேப் துப்பாக்கிகளாக மாற்றியதும் இப்படித்தான். குழல் ஒரு காலம், பூட்டு ஒரு காலம், கட்டை மூன்றாவது காலம். வீட்டுக் கோடரிக்கு இரண்டு தடவை காம்பும் ஒரு தடவை அலகும் மாற்றிய பிறகும் அது தாத்தா கோடரிதான் இல்லையா, அதே மாதிரி.

கொள்ளுத் தாத்தா போரில் வைத்திருந்த துப்பாக்கி என்று வீட்டில் சொல்வார்கள். உண்மையாக இருக்குமா?

இந்தக் கேள்விதான் அதிகம் வருகிறது, இதற்குப் பதில் சொல்லத்தான் எனக்கும் தயக்கம். படைத் துப்பாக்கி அரசாங்கச் சொத்து. சண்டை முடிந்ததும் சிப்பாய் திருப்பிக் கொடுக்க வேண்டும். வீட்டுக்குக் கொண்டுபோவது விதிவிலக்கு. அமெரிக்காவில் 1865-இல் அப்படி ஒரு விதிவிலக்கு இருந்தது: படையிலிருந்து விடுபட்டவர்கள் 6 டாலர் கொடுத்துத் தங்கள் துப்பாக்கியை வாங்கிக்கொள்ளலாம் என்று ஆணை போட்டார்கள். மற்றபடி, வீடுகளில் இருக்கும் படைத் துப்பாக்கிகளில் பெரும்பகுதி பின்னாளில் உபரி விற்பனையில் வந்தவை. கொள்ளுத் தாத்தா படையில் இருந்தது உண்மையாக இருக்கும், துப்பாக்கியும் உண்மையாக இருக்கும், இரண்டும் சந்தித்துக்கொண்டதுதான் உண்மையாக இருக்காது.

நம்பத் தகுந்த சாட்சி எது? கட்டையில் பதித்த பித்தளை வட்டில் படைப்பிரிவின் எழுத்தும் எண்ணும் இருக்கலாம். அந்தப் பிரிவில் அவர் அந்த வருடங்களில் இருந்தார் என்று பணிப்பதிவில் இருக்க வேண்டும். பிரித்தானியப் படையில் இருந்தவர்களுக்கு லண்டன் தேசிய ஆவணக் காப்பகத்தில் ஓய்வூதியப் பதிவுகள் கிடைக்கின்றன. இரண்டும் பொருந்தினால்கூட "அதே பிரிவின் துப்பாக்கி" என்றுதான் சொல்லலாம். ஒரு தளபதி பரிசாகக் கொடுத்தது என்றால் எங்கேயாவது பொறித்திருப்பார்கள். பரிசு கொடுப்பவர்கள் பெயர் போடாமல் விடுவதில்லை.

துப்பாக்கி சொல்வதும் பெரியப்பா சொல்வதும் ஒத்துப்போகவில்லை. சொன்னால் வீட்டில் சண்டை வரும். என்ன செய்வது?

சொல்வதற்கு முன்னால் கேளுங்கள். இந்த வரிசை முக்கியம். முத்திரையைப் படித்துவிட்டு "பெரியப்பா, இது 1866-க்கு அப்புறம் வந்தது, நீங்கள் சொன்ன சண்டையில் இருந்திருக்க முடியாது" என்று ஆரம்பித்தால், ஒன்று அவர் வாயை மூடிக்கொள்வார், இல்லை கதையை உங்கள் வருடத்துக்கு ஏற்றபடி நகர்த்திவிடுவார். இரண்டிலும் நஷ்டம் உங்களுக்கு. முதலில் அவர் வார்த்தைகளை அப்படியே பதிவு செய்யுங்கள். யாரிடம் கேட்டார், அப்போது அவருக்கு எத்தனை வயது, துப்பாக்கி அப்போது வீட்டில் எந்த இடத்தில் இருந்தது. கடைசிக் கேள்விக்குத்தான் நல்ல பதில்கள் வரும்.

ஒரு வீட்டில் மூதாட்டி ஒருவர் சொன்னது நினைவிருக்கிறது. சண்டைக் கதை எல்லாம் மகன்கள் சொன்னார்கள். துப்பாக்கி எங்கே இருந்தது என்று அவரிடம் கேட்டபோது மட்டும், "அது நெல் குதிருக்குப் பின்னால் சாய்ந்திருக்கும். மழை வந்தால் என் மாமனார் முதலில் அதைத்தான் உள்ளே நகர்த்துவார், அப்புறம்தான் எங்களை" என்றார். சண்டைக் கதைக்கு ஆதாரம் கிடைக்கவில்லை. அந்த மாமனார் எப்படிப்பட்டவர் என்பது தெரிந்துவிட்டது.

கதை தவறு என்று ஆனாலும் அழிக்காதீர்கள். பெரும்பாலும் அது வேறொரு துப்பாக்கியின் கதை, வேறொரு தாத்தாவின் கதை. இரண்டு தலைமுறையில் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும். "குடும்பத்தில் சொல்வது இது, இரும்பில் இருப்பது இது" என்று இரண்டையும் ஒரே தாளில் எழுதி வைத்தால் பின்னால் வருபவர்கள் பிரித்துக்கொள்வார்கள்.

கட்டையில் வரிசையாக ஏழு கீறல் இருக்கிறது. ஏழு பேரைச் சுட்டதாகச் சொல்கிறார்கள்.

ஏழு காட்டுப்பன்றியாக இருக்கலாம், ஏழு மாதக் கடன் பாக்கியாக இருக்கலாம், வேலை இல்லாத ஒரு பையனும் ஒரு கத்தியுமாகவும் இருக்கலாம். கீறல் எண்ணிக்கையைத்தான் சொல்லும், எதை எண்ணினார்கள் என்று சொல்லாது. எழுதும்போது "ஏழு கீறல்" என்று எழுதுங்கள்.

செய்தவர் பெயரும் ஒரு எண்ணும் இருக்கிறது. இதை வைத்து முதலில் வாங்கியவர் யார் என்று கண்டுபிடிக்க முடியுமா?

சில கம்பெனித் துப்பாக்கிகளுக்கு முடியும், அதைவிடப் பெரிய அதிர்ஷ்டம் இல்லை. பர்டி, ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட், வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ் போன்ற ஆங்கிலேயத் துப்பாக்கிக்காரர்கள் தங்கள் பழைய பேரேடுகளைப் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். எண்ணைக் கொடுத்தால் எந்த வருடம், யாருக்காகச் செய்தது என்று பார்த்துச் சொல்வார்கள். கோல்ட் (Colt) என்ற அமெரிக்கத் துப்பாக்கிக் கம்பெனிக்கும் அப்படி ஓர் ஆவணப் பிரிவு உண்டு. வின்செஸ்டர் துப்பாக்கிகளின் பழைய பதிவுகள் அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில், கோடி (Cody) என்ற நகரத்தின் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

பேரேட்டில் இருப்பது முதல் ஆளின் பெயர். அது உங்கள் முன்னோர் பெயராக இல்லாவிட்டால் ஏமாற வேண்டாம். அவருக்கும் உங்கள் வீட்டுக்கும் நடுவில் துப்பாக்கி எப்படிக் கை மாறியது என்பது சுவையான கேள்வி. அந்த மனிதரிடம் உங்கள் முன்னோர் வேலை பார்த்திருக்கலாம்.

துரு ஏறி அசிங்கமாக இருக்கிறது. தேய்த்துப் பளபளவென்று ஆக்கலாமா?

கூடாது. நான் செய்திருக்கிறேன், அதனால் சொல்கிறேன். 18 வயதில் எங்கள் வீட்டுத் துப்பாக்கியை உப்புத்தாள் போட்டு ஒரு பகல் முழுக்கத் தேய்த்தேன். வெள்ளி மாதிரி ஆனது. எல்லோரும் பாராட்டினார்கள். சாயங்காலம் அத்தை வந்து கட்டையின் அடித் தகட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இங்கே இரண்டு எழுத்து இருந்ததே, எங்கே?" என்று கேட்டார். எந்த எழுத்து என்று அவருக்கும் நினைவில்லை. இப்போது யாருக்கும் தெரியாது.

பழைய இரும்பின் மேல் இருக்கும் கருத்த பழுப்பு நிறம் அழுக்கு இல்லை. அது உலோகத்தோடு ஒட்டி நின்று மேலும் அரிக்காமல் காக்கும். விரலால் தொட்டால் செம்மண் போல ஒட்டும் துருதான் எதிரி. கம்பித் தூரிகை, அமிலம், எலுமிச்சை, சுழலும் தேய்ப்பு இயந்திரம் எல்லாம் இரண்டையும் சேர்த்தே எடுத்துவிடும், கூடவே முந்தைய பதில்களில் சொன்ன முத்திரைகளையும். விற்பனை மதிப்பும் அதோடு போகும். கட்டையைச் சுரண்டி வார்னிஷ் அடிப்பதும் இதே பாவம்தான். கன்னம் உரசி உரசி வழுவழுப்பான இடத்தை எந்த வார்னிஷும் திருப்பித் தராது.

சரி, அப்படியானால் எதைத்தான் செய்யலாம்?

குழல் காலி என்று உறுதியான பிறகு, மென்மையான துணியால் தூசி துடைக்கலாம். செந்துரு இருக்கும் இடத்தில் மட்டும் இரண்டு சொட்டு மெல்லிய எண்ணெய் விட்டு, ஒரு நாள் ஊறவிட்டு, துணியால் ஒற்றி எடுக்கலாம். போகாவிட்டால் மறுபடி எண்ணெய், மறுபடி ஒரு நாள். அவசரம் வேண்டாம், அது நூறு வருடம் காத்திருந்தது. கடைசியில் மிக மெல்லிய மெழுகுப் பூச்சு. அருங்காட்சியகங்களில் பயன்படுத்தும் நுண்படிக மெழுகு இரும்புக்கும் மரத்துக்கும் ஒத்துவரும்.

திருகுகளைக் கழற்றாதீர்கள். பழைய திருகுகளின் காடி மெல்லியது, இன்றைய திருப்புளி அதில் முழுதாக இறங்காது, விளிம்பைச் சிதைத்துவிடும். கையால் செய்த திருகுகள் ஒவ்வொன்றும் அதனதன் துளைக்குத்தான் பொருந்தும். மேசையில் கொட்டிவிட்டுப் பிறகு முழித்தவர்களை எனக்குத் தெரியும்.

எங்கே, எப்படி வைப்பது? தோல் உறையும் இருக்கிறது, அதிலேயே வைத்துவிடலாமா?

தோல் உறையில் வேண்டாம். தோல் ஈரத்தை இழுக்கும், பதனிட்ட தோலில் அமிலமும் உண்டு. உறையைத் தனியாக வையுங்கள். காற்றுப் போகாத பிளாஸ்டிக் சுற்றல் ஈரத்தை உள்ளேயே பூட்டிவிடும். ஈய உருண்டைகள் இருந்தால் ஓக் மரப் பெட்டியில் போடாதீர்கள், அந்த மரத்தின் புளிப்பு ஆவியில் ஈயம் வெள்ளைப் பொடியாக உதிரும். ஈரப்பதம் 45 முதல் 50 சதவீதம் வரை, ஏறாமல் இறங்காமல் இருப்பது நல்லது. அடுப்புப் புகை, சன்னல் வெயில், ஈரச் சுவர் மூன்றும் ஆகாது.

சுத்தி எப்போதும் கீழே இறங்கிய நிலையில் இருக்கட்டும், உள்ளே இருக்கும் வில்லுக்கு அதுதான் ஓய்வு. வருகிறவர்கள் எல்லாம் இழுத்து "டிக்" என்று விட்டுப் பார்க்க அனுமதிக்காதீர்கள். முலைக்காம்பு சிதையும், ஒரு நாள் வில்லும் உடையும். கையால் தொட்ட இடத்தை உடனே துடையுங்கள். வியர்வை உப்பு ஒரு வாரத்தில் கைரேகையைத் துருவாக வரைந்துவிடும்.

தாத்தா நினைவாக ஒரே ஒரு தடவை சுட்டுப் பார்க்கலாமா?

வேண்டாம். வெளியே திடமாகத் தெரியும் குழலின் உட்சுவரில் அரிப்புக் குழிகள் இருக்கலாம். டமாஸ்கஸ் குழல் என்றால், இரும்பும் எஃகும் பட்டை பட்டையாக முறுக்கிச் சுற்றி ஒட்டவைத்தது. அந்த ஒட்டுகளுக்குள் துரு எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. 1884-இல் பிரான்சில் கண்டுபிடித்த புகையில்லா மருந்து வேறு விதமாக அழுத்தம் கொடுக்கும். கருமருந்துக்குச் சோதித்த குழலில் அதைப் போட்டால் குழல் கிழிந்து, முன்கட்டையைத் தாங்கும் இடது கையில் வந்து நிற்கும். தாத்தாவுக்குப் பிரியமான நினைவு அது இல்லை.

பழம்பொருள்தானே, உரிமம் எதற்கு?

எது பழம்பொருள் என்று நீங்களோ நானோ முடிவு செய்வதில்லை, நீங்கள் இருக்கும் நாட்டுச் சட்டம் முடிவு செய்கிறது. ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி. அமெரிக்காவின் மத்திய சட்டத்தில் 1898 அல்லது அதற்கு முன் செய்தது என்ற கோடு. கனடாவிலும் 1898 என்ற கோடு உண்டு, ஆனால் அங்கே அதற்கு முந்தையதாக இருக்க வேண்டும், வகையும் பொருந்த வேண்டும். பிரித்தானியாவில் 2021 விதிகளின்படி 1939 செப்டம்பர் 1-க்கு முன் செய்ததாகவும், வழக்கொழிந்த தோட்டா அல்லது பற்றவைப்பு முறை கொண்டதாகவும் இருக்க வேண்டும். அப்போதும் அழகுப் பொருளாக வைத்திருந்தால்தான் விலக்கு. சுடுவதற்கு என்று தோட்டா தேடினால் விலக்கு போய்விடும்.

இந்தியாவின் 1959 ஆயுதச் சட்டத்தில் 45-ஆவது பிரிவு, பழுது பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் சுடப் பயன்படாத பழைய மாதிரி ஆயுதங்களுக்கு விலக்கு தருகிறது. பலர் "பழைய" என்பதைப் படித்துவிட்டு "பயன்படாத" என்பதைத் தாண்டிப் போகிறார்கள். சுடக்கூடிய நிலையில் இருந்தால் வாரிசு உரிமம் வாங்க வேண்டும். 2019 திருத்தத்துக்குப் பிறகு பரம்பரையாக வந்ததையும் சேர்த்து ஒருவருக்கு இரண்டு துப்பாக்கிதான். ஜப்பானில் பழைய திரித் துப்பாக்கிகளைக் கல்வி வாரியம் பதிவு செய்கிறது, பதிவுச் சீட்டு ஆளோடு இல்லாமல் துப்பாக்கியோடு போகும். எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு.

உரிமத்தில் பெயர் இருந்தவர் இறந்துவிட்டால் தள்ளிப்போடாதீர்கள். துக்கம் முடியட்டும் என்று விட்டு, இரண்டு வருடம் கழித்து மாட்டிக்கொண்டவர்கள் அதிகம். ஒரு வழக்கறிஞரிடம் ஒரு மணி நேரம் பேசிவிடுங்கள்.

செயலிழக்கச் செய்தால் தொல்லை இல்லை என்கிறார்கள். துளை போட்டு அடைத்துவிடலாமா?

துளை போட்டால் போட்டதுதான், திரும்பாது. உங்கள் துப்பாக்கி ஏற்கெனவே மேலே சொன்ன விலக்கில் வருகிறதா என்று முதலில் பாருங்கள். வந்தால் வெட்டத் தேவையே இல்லை. தேவைதான் என்றால் சட்டம் கேட்கும் குறைந்தபட்ச வெட்டு எது, அதை யார் செய்து சான்று தருவார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். வீட்டுக்கு வந்து வெல்டிங் வைத்துவிட்டுப் போகும் ஆளின் வேலையைச் சட்டம் ஏற்காமலும் போகலாம், அப்போது இரண்டும் கெட்டது.

வெளிநாட்டில் இருக்கும் மகனுக்கு அனுப்பலாமா?

இரண்டு நாட்டுச் சட்டம், நடுவில் விமானக் கம்பெனி விதி என்று மூன்று கதவு. ஒரு நாட்டில் பழம்பொருள், அடுத்த நாட்டில் ஆயுதம் என்று ஆகலாம். இந்தியாவில் நூறு வருடத்துக்கு மேற்பட்ட தொல்பொருள் என்றால் 1972 சட்டப்படி தனி ஆள் வெளியே அனுப்பவே முடியாது. கட்டையில் யானைத் தந்தம் பதித்திருந்தால் வனவிலங்கு வணிக ஒப்பந்தமும் குறுக்கே வரும். துப்பாக்கியை இங்கேயே வைத்துக்கொண்டு, நல்ல படங்களையும் பெரியப்பா பேசிய ஒலிப்பதிவையும் அனுப்பிய குடும்பங்கள் நிம்மதியாக இருக்கின்றன.

மூன்று பிள்ளைகள், ஒரு துப்பாக்கி. யாருக்கு?

மூத்த மகனுக்கு என்பது பழக்கமாக இருக்கலாம், நல்ல யோசனையாக எனக்குப் படவில்லை. யார் கதை கேட்டார்கள், யார் வீட்டில் பூட்டி வைக்க இடம் இருக்கிறது, யாருக்கு உரிமம் கிடைக்கும் என்ற மூன்றையும் பாருங்கள். பல வீடுகளில் மூன்றுக்கும் விடை மகளாக இருக்கிறாள். பூட்டை ஒருவருக்கும் குழலை ஒருவருக்கும் பிரித்துக் கொடுத்த குடும்பம் ஒன்று உண்டு. இன்று இரண்டு பேரிடமும் ஒன்றும் இல்லை.

அருங்காட்சியகத்துக்குக் கொடுக்க நினைத்தால், அவர்கள் வாங்க மறுக்கலாம், வாங்கினாலும் காட்சிக்கு வைப்பார்கள் என்று உறுதி இல்லை. துப்பாக்கியோடு எழுதிய கதைத் தாளும் போனால் ஏற்கும் வாய்ப்பு கூடும்.

தாத்தா இதை வைத்து அநியாயம் செய்ததாகவும் ஒரு பேச்சு உண்டு. அதையும் எழுத வேண்டுமா?

எழுதுங்கள். எட்டாவது பதிலில் சொன்ன அதே முறைதான்: யார் சொன்னார்கள், எப்போது சொன்னார்கள். வேட்டைக்காரர், வீரர் என்பதை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை விட்டால் அது முன்னோர் இல்லை, சுவரில் மாட்டும் படம். சுடப்பட்டவர் குடும்பம் இன்னும் அக்கம்பக்கத்தில் இருக்கலாம், அவர்களிடமும் ஒரு கதை இருக்கும். அதை எல்லோருக்கும் காட்ட வேண்டும் என்று இல்லை. உறையில் போட்டு வைத்தாலும் போதும்.

எங்களிடம் துப்பாக்கியே இல்லை. தாத்தா காலத்திலேயே ஒப்படைத்துவிட்டார்கள். இனி ஒன்றும் செய்ய முடியாதா?

முடியும். ஒப்படைத்த ரசீது, பழைய உரிமப் புத்தகம் இருந்தால் அதில் செய்தவர் பெயரும் எண்ணும் இருக்கலாம். அதை வைத்துப் பேரேட்டில் தேடலாம். கல்யாணப் படத்திலோ வேட்டைப் படத்திலோ துப்பாக்கி தெரிந்தால் சுத்தி, விசைக் காப்பு, குழலின் நீளம் மூன்றையும் பெரிதாக்கிப் பாருங்கள். நான்காவது பதிலில் சொன்ன வகை தெரிந்துவிடும்.

அப்புறம், பழைய டிரங்குப் பெட்டியில் இடுக்கி போல ஒன்று கிடக்கிறதா பாருங்கள். இரண்டு கைப்பிடி, மூடினால் நடுவில் உருண்டையாக ஒரு குழி. பாக்குவெட்டி என்றும் பல் பிடுங்கும் கருவி என்றும் நினைத்து வைத்திருப்பார்கள். அது ஈயம் உருக்கி ஊற்றிக் குண்டு வார்க்கும் அச்சு. துப்பாக்கியை ஒப்படைத்தபோது அதை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். பக்கவாட்டில் விளக்கைப் பிடித்துப் பாருங்கள், சில அச்சுகளில் ஓர் எண் அடித்திருக்கும். அது போன துப்பாக்கியின் போர் எண்.